துளை எங்கிருந்து வந்தது? செட்டிநாட்டில் மணி கோக்கும் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். சிறுதொழில் பாடத்துக்கு நாங்கள் வகுப்பில் கொடுக்கிற நிகழ்வு ஆய்வுகள் பெரும்பாலும் பெங்களூரிலோ மும்பையிலோ தொடங்கிய கம்பெனிகளைப் பற்றியவை. பிள்ளைகள் படிப்பார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், அதோடு சரி. பஸ் ஏறினால் அரை மணியில் போய்ப் பார்த்துவிடக்கூடிய ஒருவரைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதப்போகிறேன் என்றதும் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பேர் வேண்டாம். "ஊருக்குத் தெரியும், எழுத்துல எதுக்கு அக்கா?" என்றார். எனவே 'அவர்' என்றே எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வளவு வீடு. பங்காளிகள் பலர், அதனால் வீடும் பல பங்கு. இவர்கள் பங்குக்கு ஒரு ரெட்டை வீடும் (இரண்டு அறை சேர்ந்தது) இரண்டாங்கட்டில் ஒரு மூலையும். அவர் பி.காம். படித்துவிட்டு ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நகை செய்வது குலத்தொழில் இல்லை. பொற்கொல்லர் பட்டறைப் பக்கம் போய் நின்றதுகூட இல்லை. இன்றைக்கு அவருடைய சம்பாத்தியம் முழுக்கப் பாசியும் மணியும் கோப்பதிலிருந்து வருகிறது. இது எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லாரும் "ஊர் ஊராப் போய்ப் பார்த்தாங்க, ஆசை வந்துச்சு" என்று சொல்லிவிடுவார்கள். நான் அவரோடு பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து பேசியதில், அது அவ்வளவு லேசான விஷயமில்லை என்று தெரிந்தது.

எனாமல் பேசின்

பயணத்துக்கு முன்னால் ஒரு பேசினைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் காலத்துப் பெண்கள் பாசிமணி வேலை செய்வார்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிப் பாசிகளை ஊசியில் எடுத்துக் கிளி, அன்னம், கிருஷ்ணன் என்று தோரணமும் படமுமாகச் செய்வது. கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிற்கப் போனவர்கள் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டுவந்த அதே காலத்தில், பொஹீமியாவிலும் வெனிஸிலும் செய்த பாசியும் கப்பலில் வந்து இறங்கியது. அப்படி இவருடைய அப்பத்தா சின்ன வயதில் கோத்த ஒரு கிளித் தோரணம் வீட்டில் இருந்தது. நூல் இற்றுப்போய்ப் பாசி உதிர ஆரம்பித்தது. உதிர உதிர அப்பத்தா பெருக்கி எடுத்து ஒரு எனாமல் பேசினில் போட்டுவைத்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் தூணையும் நிலையையும் கேட்டு வருவார்கள். கட்டமைப்புக் குலைந்த பாசியை யாரும் கேட்கவில்லை. குப்பையில் போடவும் அப்பத்தாவுக்கு மனசு வரவில்லை.

அவர் குழந்தையாக இருந்தபோது அந்தப் பேசினுக்குள் கையை விட்டு அளைந்து விளையாடியிருக்கிறார். அப்போது அது வெறும் விளையாட்டு.

காசி, 2014

ஐயா, அதாவது தாத்தா, காலமான மறு வருஷம் அப்பத்தா காசிக்குப் போகவேண்டும் என்றார். துணைக்கு இவர் போனார். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. கோதௌலியாவுக்குப் பக்கத்தில். விசுவநாதர் கோவிலுக்கு அங்கிருந்து தினமும் பூசைச் சாமான்கள் 'சம்போ, சம்போ' என்று சொல்லிக்கொண்டு எடுத்துப்போகிற வழக்கம் இன்றும் நடக்கிறது. செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. சாப்பாட்டில்கூட ஊர் மணம் இருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள், அப்பத்தா படுத்திருந்த நேரத்தில் இவர் சந்துகளில் நடக்கப் போனார். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் தீச்சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மண் குழைத்துப் பூசிய கம்பி, வலது கையில் நீலக் கண்ணாடிக் குச்சி. குச்சியின் நுனி இளகித் தேன் மாதிரி ஆனதும் கம்பியைச் சுழற்றச் சுழற்றக் கண்ணாடி அதில் சுற்றிக்கொண்டது. சுழற்சி நிற்காமல் இருந்தால்தான் மணி உருண்டையாக நிற்கும். ஒன்று முடிந்ததும் அதே கம்பியில் தள்ளி இன்னொன்று. ஆறியபிறகு கம்பியை உருவினார். மண் உதிர்ந்தது. மணி கையில் நின்றது.

காசியின் கண்ணாடி மணிகள் பேர்போனவை, இன்று புவிசார் குறியீடும் பெற்றவை. அந்தப் பேரெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது. அவரைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மணியைச் செஞ்சுட்டு அப்புறம் ஓட்டை போடுவாங்கன்னுதான் அக்கா நான் நினைச்சிருந்தேன். அங்க துளையைச் சுத்தித்தான் மணியையே செய்றாங்க."

ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். மொழி தெரியாது. அந்தப் பெண் ஒரு கம்பியைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லியிருக்கிறார். இவர் செய்தது கத்தரிக்காய் மாதிரி கோணிக்கொண்டு வந்தது. அது இன்னும் அவரிடம் இருக்கிறது. நானூறு ரூபாய்க்கு மணி வாங்கிக்கொண்டு சத்திரத்துக்குத் திரும்பியவரிடம் அப்பத்தா, "காசிக்கு வந்து பாசி வாங்கினவ நீதான்டி" என்று சிரித்தாராம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வெளியூர் போய் அழகான நகையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஆயிரம் பேர். ஜெய்ப்பூரில் மொத்தமாக வாங்கிவந்து இங்கே விற்கிறவர்களும் உண்டு; அதுவும் மரியாதையான வியாபாரம்தான். இவர் ஊருக்குத் திரும்பி முதலில் செய்தது வியாபாரம் இல்லை. மதுரையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கி, எனாமல் பேசினைத் திறந்து உட்கார்ந்தார்.

பாப்பாநாயுடுபேட்டை, 2016

லென்ஸில் பார்த்தால் பேசினில் இருந்த பாசி காசி மணி மாதிரி இல்லை. சுற்றிச் செய்த மணியில் உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழும் நிறக் கோடும் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். பேசின் பாசியில் அவை துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடின. அப்படியானால் அந்தத் துளை வேறு விதமாக வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் இந்தக் கேள்வியோடே ஆலைக்குப் போய்வந்தார். நூலகத்தில் அரிக்கமேடு பற்றிப் படித்தபோது விடை கிடைத்தது: இழுத்துச் செய்வது. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் பாசி செய்தார்கள். இந்தியப் பெருங்கடல் கரைகளெல்லாம் அந்த வகைப் பாசி பரவிக் கிடக்கிறது. அந்த முறையை இன்னும் கையில் வைத்திருந்த ஊர் ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் படித்தார். திருப்பதிக்கு வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. சரி, இரண்டும் ஒரே பயணத்தில் ஆகட்டும் என்று கிளம்பிவிட்டார்.

அங்கே பார்த்ததை அவர் கையால் காட்டிக் காட்டித்தான் சொல்வார். உலையில் உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழாயின் முனையில் பெரிய கூம்பாகச் சேர்க்கிறார்கள். குழாய்க்குள் விட்ட கம்பி அந்தக் கூம்பைத் துளைத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்குகிறது. உலையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் கண்ணாடியைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறார். கிணற்றில் நீர் இறைப்பது மாதிரி, ஆனால் கயிறு தீயிலிருந்து வருகிறது. இழுக்க இழுக்கக் குழல் மெலிகிறது. உள்ளே இருந்த வெற்றிடமும் கூடவே மெலிந்து மயிரிழைத் துளை ஆகிறது. நிறுத்தினால் தடித்துப்போகும், வேகப்படுத்தினால் அறுந்துபோகும். பிறகு குழலை நறுக்கிப் பொடித் துண்டாக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குகிறார்கள். விளிம்பு மழுங்கும், துளைக்குள் சாம்பல் அடைத்திருப்பதால் துளை மூடாது.

"அந்தச் சாம்பலை யார் அக்கா கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பல மாதம் கழித்தும் அதையே கேட்டார்.

அந்த வருஷக் கடைசியில்தான் முதல் மாலை விற்றது. பேசின் பாசியும் காசி மணியும் கலந்து, ஆத்தங்குடித் தரைக்கல்லின் நிறங்களில்: காவிச் சிவப்பு, கடுகு மஞ்சள், பச்சை, கறுப்பு. கானாடுகாத்தானில் தங்கவந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் வாங்கியது. வேலையை விடவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து கோப்பார்.

கம்பாத், 2018

கண்ணாடி புரிந்தது. கல்? சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் எவ்வளவு கடினமானது. அதில் எப்படித் துளை வரும்? மாலை விற்ற காசைச் சேர்த்து, காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து நவஜீவன் ரயிலில் குஜராத்துக்கு, கல்மணி செய்கிற கம்பாத் ஊருக்குப் போனார். வீட்டில் எல்லாருக்கும் வருத்தம், கல்லைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று. அப்பத்தா மட்டும் இடுப்புச் சுருக்கிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கம்பாத்தில் கல்லை 'அகீக்' என்கிறார்கள். ராஜ்பிப்ளா மலைப்பக்கத்திலிருந்து வரும் கல் முதலில் மங்கலான பழுப்புதான். அதை வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் போட்டுத் தவிட்டு நெருப்பு மாதிரி மெதுவாக எரிகிற மரத்தூளிலோ எருவிலோ சூடாக்கினால் கல்லுக்குள் இருக்கும் இரும்பு சிவந்து, நாம் பார்க்கிற சூதுபவள நிறம் வருகிறது. பிறகு தரையில் சாய்த்து நட்ட இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக்கொம்பு பூட்டிய சுத்தியால் மறுபக்கம் தட்டிச் செதுக்குவார்கள். துளை போடுவது வில் கட்டிய துரப்பணத்தால்; முனையில் கடுகளவு வைரத் துணுக்குகள் இரண்டு. பாதி வரை ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும். மின் துரப்பணம் வந்துவிட்ட பிறகும் வில்லைப் பிடித்திருந்த ஒரு முதியவரை அவர் பார்த்தார்.

ஆனால் அந்தப் பயணத்தில் அவர் மனதில் ஆழமாக இறங்கியது தூசி. கல்லைச் சாணை பிடிக்கிற இடத்தில் எழும் சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகிறது. ஒருமுறை வந்தால் குணமாக்க முடியாத நோய். கம்பாத்தின் அகீக் தொழிலாளர்களை இது பல காலமாகக் கொன்றுவருகிறது. மருத்துவர்களும் தொழிலாளர் நலனுக்குப் பாடுபடுகிறவர்களும் எழுதி எழுதிச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு வந்த இவர், அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீர் விட்டுச் சாணை பிடிக்கிற, தூசியை உறிஞ்சும் வசதி வைத்திருக்கிற பட்டறையிலிருந்து மட்டும்தான் கல்மணி வாங்குகிறார். விலை கூடுதல். அந்தக் கூடுதலை வாங்குகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்கிறார். சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். இதில் அவர் செய்வது முழுச் சரி என்று நான் நினைக்கிறேன். விலை குறைத்து வாங்குகிறவர் பையில் மிஞ்சுவது இன்னொருவருடைய மூச்சு.

அறுந்த மாலை

இந்த ஆய்வில் மாணவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இது. 2019-இல் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தங்கைக்கு இவர் கோத்துக் கொடுத்த சூதுபவள மாலை, வரவேற்பில் ஆட்களுக்கு முன்னால் அறுந்து சிதறியது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். இவர் அங்கேயே இருந்தார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் ஊசியைத் தொடவில்லை.

மூன்று ஊருக்குத் துளை பார்க்கப் போனவர் துளையில்தான் தோற்றார். கல்லில் இரண்டு பக்கமும் போட்ட துளை நடுவில் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்ன மேடு நிற்கும். விளிம்பும் கத்தி மாதிரி இருக்கும். கண்ணாடிப் பாசிக்குப் பொருந்திய பட்டுநூலைக் கல்மணிக்கும் போட்டார். கழுத்து அசைய அசையக் கல் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது.

இதற்கு வழி காட்டியது பயணம் இல்லை, அப்பத்தாதான். நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டும் கழுத்திரு, திருமாங்கல்யம், உரு, ஏத்தனம், துவாளை, தும்பு என்று பல உருப்படிகள் சேர்ந்தது. அவ்வளவு பொன்னையும் தாங்குவது சங்கிலி இல்லை, மஞ்சள் தடவி முறுக்கிய நூல். "பொன்னைப் பார்த்து நூல் எடுக்கமாட்டோம். துளையைப் பார்த்து எடுப்போம். துளை நெறைய நூல் இருந்தா ஆடாது, ஆடாட்டி அறுக்காது" என்றார் அப்பத்தா. சின்ன வயதில் கழுத்திரு கோக்கிற நாளில் பட்டாலையில் பெண்கள் கூடியிருப்பதை இவர் எத்தனையோ முறை பார்த்தவர். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு முறை மாறியது. கல்மணி வந்தால் ஒவ்வொரு துளையையும் வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால், கிண்ணத்துத் தண்ணீருக்குள் முக்கி வைத்து, ராவி மழுக்குகிறார். தண்ணீருக்குள் என்பது கம்பாத் கற்றுக்கொடுத்தது. துளை நிறையும் அளவுக்கு நூலை முறுக்குகிறார். மணிக்கு மணி முடிச்சு; அறுந்தாலும் ஒன்றுதான் விழும். கொக்கியோடு சேருமிடத்தில் நூல் நேராக உலோகத்தில் உரசாமல் மெல்லிய சுருள்கம்பி உறை. ஒரு மாலைக்கு முன்பு மூன்று மணி நேரம் ஆனது, இப்போது ஒன்பது.

கணக்கு

விலை வைப்பதில் அவர் ரொம்ப நாள் தப்பு செய்தார். கணக்கு படித்தவர், அரிசி ஆலையின் உமி வரைக்கும் கணக்கு எழுதியவர், தன் கைநேரத்தை மட்டும் எழுதவில்லை. மணி விலை, நூல் விலை, கொக்கி விலை, மேலே கொஞ்சம். நானும் அவரும் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு நின்றது நூறுநாள் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு விழும் கூலியை விடக் குறைவு. அதற்குப் பிறகுதான் விலையை ஏற்றினார், அதுவும் என்னோடு சண்டை போட்டுவிட்டு.

இன்னொரு அடி, ஒரு பெருநகரக் கடை. விற்றபின் பணம் என்று நாற்பது மாலை வாங்கிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் பணமும் தரவில்லை, பதிலும் தரவில்லை. கடைசியில் பாதி மாலை திரும்பி வந்தது. மீதிக்கு இன்றுவரை பதில் இல்லை. எழுத்தில் ஒன்றும் வாங்கிவைக்காதது இவர் தவறு என்று நான் சொல்வேன். ஆனால் தனியாக வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் அப்படி நடந்துகொள்ளத் துணிந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2020-இல் ஊரடங்கு. சுற்றுலா நின்றது, கல்யாணங்கள் சுருங்கின, புது மாலை கேட்பார் இல்லை. இங்கேதான் நான் எதிர்பார்க்காத திருப்பம். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பெட்டியைத் திறந்து பழசை எடுத்தார்கள். அம்மாவின் பவள மாலை, ஆயாவின் முத்துச்சரம், பெரியவர்களின் கௌரிசங்கம் கோத்த உருத்திராட்சம், நூல் இற்றுப்போனவை எல்லாம். வாட்ஸாப்பில் படம் அனுப்பிக் கேட்டார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் லென்ஸ் வைத்துத் துளையைப் படம் பிடித்து அனுப்பி, "இது இழுத்த பாசி, இந்த முத்தில் துளை தேய்ந்திருக்கிறது, நூல் மாற்றினால் போதும்" என்று எழுதுவார். அந்தப் படங்களைப் பார்த்தே ஆட்கள் வந்தார்கள். 2021-இல் ஆலை வேலையை விட்டார். இப்போது வருமானத்தில் பாதிக்கு மேல் மறுகோர்ப்பு. நகை செய்பவர் என்று அவரை எல்லாரும் அழைக்கிறார்கள். என் கணக்கில், அவரைக் காப்பாற்றியது மற்றவர்கள் செய்துவைத்த நகைகள்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. கொஞ்சம் மலிவாக, நைலான் நூலில், சுற்றுலா வருகிறவர்களுக்கு என்று ஒரு வரிசை செய்தால் மாதாமாதம் கையில் காசு ஓடும் என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். மாட்டேன் என்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ளும் இரண்டு பெண்களுக்கு நிலையாகச் சம்பளம் கொடுக்க அது உதவும் என்பது என் கட்சி. இது இன்னும் தீரவில்லை.

கீழடி, 2023

அந்த வருஷம் மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது, எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே. மாணவர்களை அழைத்துப் போனேன், அவரும் வந்தார். கண்ணாடிப் பேழைக்குள் சூதுபவள மணிகள். அந்தக் கல் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை, குஜராத், மகாராட்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிள்ளைகள் தங்கத்தைப் பார்க்க ஓடினார்கள். இவர் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரே மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காவலர் இரண்டு தடவை நகரச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க அக்கா," என்றார் வெளியே வந்து. "நூல் தேய்ச்ச தடம்கூட விளிம்புல இருக்கிற மாதிரி தெரியுது. யாரோ ரொம்ப நாள் போட்டிருக்காங்க."

அப்பத்தா 2021-இல் காலமானார். கிளித் தோரணத்தை இவர் இப்போது மறுபடி கோக்கிறார், விற்பதற்கு இல்லை. ஒரு கிளி முடிந்துவிட்டது. இரண்டாவது கிளிக்கு இறக்கையில் பச்சை போதவில்லை. முதலில் விற்ற மாலைகளில் அந்தப் பச்சையைத் தாராளமாகப் போட்டுவிட்டதை நினைத்து வருத்தப்படுகிறார். காசியில் கேட்டார், அவர்கள் சுற்றிச் செய்கிறவர்கள், அவ்வளவு பொடியாக வராது. முனீஸ்வரன் கோவில் தெருவில் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார். கைப்பையில் ஒரு குங்குமச் சிமிழ், அதற்குள் மாதிரிக்கு மூன்று பச்சைப் பாசி. போன வாரம் என்னிடம் கொடுத்தனுப்பினார், நான் சென்னைக்குப் போவதால். இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று கொஞ்சம் மஞ்சள். சிமிழைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன், சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.